இரண்டாம் மாடி, பால்கனி, எதிரே பார்க்

ஜனக்புரியில் நான் குடியிருக்கும் வீட்டை இதுவரை எத்தனை பிள்ளைகள் ஆங்கிலத்தில் வர்ணித்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. இரண்டாம் மாடி, பால்கனி, எதிரே பார்க், பார்க்கில் சாயங்காலம் நடக்கிற பெரியவர்கள். கரோல் பாக்கில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருக்கிற கோச்சிங் சென்டரில், பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை இடைநிலை ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்வது என் பிழைப்பு. பேச்சுத் தேர்வில் ஆரம்பத்திலேயே எங்கே வசிக்கிறாய் என்று கேட்பார்கள். அடுத்தது, அந்த இடத்தில் உனக்கு என்ன பிடிக்கும் என்பது. மாதிரிக்கு ஒரு தடவை என் வீட்டைச் சொல்லிக் காட்டினேன். தொலைந்தது! அன்றிலிருந்து எல்லோரும் என் வீட்டிலேயே குடியேறிவிட்டார்கள்.

முதலில் கத்திப் பார்த்தேன். துணிக்கடைக்காரர் மகன் ஒருவன் இருந்தான், வாய் ஓயாதவன். "உனக்குன்னு ஒரு வீடு இல்லையாடா?" என்று அவனிடம் இந்தியில் கேட்டதற்கு, "மேம், ஆப்கா கர் ஈஸி ஹை" என்றான். என் வீடு சுலபமாக இருக்கிறதாம். மூன்று மாடி சொந்தக் கட்டடத்தில் இருக்கிறவன் சொல்கிற பேச்சைப் பாருங்கள். அதற்கு மேல் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. தேர்வாளர் வாக்கியத்தைத்தான் பார்ப்பார், வாசற்படியை அல்ல. ஆகவே ஒவ்வொரு பேட்சுக்கும் அதையே சொல்ல ஆரம்பித்தேன்: எந்த வீட்டை வேண்டுமானாலும் சொல்லுங்கள், முழு வாக்கியமாகச் சொல்லுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

காலையில் மெட்ரோவில் நின்றுகொண்டே வந்து, ஒரு பேட்ச் முடிந்து அடுத்த பேட்ச், காட்டி வர்ணிக்கச் சொல்கிற அதே படங்கள், அதே கேள்விகள். ஒத்திகையில் தேர்வாளராக உட்காரும்போது சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, தாளில் இருக்கிற கேள்வியைத் தவிர வேறு எதுவும் கேட்கக் கூடாது. நேரம் முடிந்தால் 'தேங்க் யூ' என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். இந்த மூஞ்சியைப் போட்டுப் போட்டு அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது. சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "வீட்டுக்கு வந்தாச்சு தாயே, மூஞ்சியைக் கழட்டி வைச்சிட்டுச் சாப்பிடு" என்பார். கழட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அந்தப் பையனின் பேட்சில் ஒரே ஒரு பெண் மட்டும் என் வீட்டுக்குக் குடிவரவில்லை. ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடையோரம் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் வளர்ந்தவள். பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் அம்மா ஜங்புராவில் வீட்டு வேலை செய்தார். அதில் ஒரு வீட்டு மேடம்தான் இவளை எங்கள் சென்டரில் சேர்த்துவிட்டார். விமான நிலையத்தில் பயணிகளைக் கவனிக்கும் வேலைக்கான பயிற்சியில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தேர்வின் சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் சேர்க்கை. இந்தத் தடவை தவறினால் அடுத்த தேர்வு வருவதற்குள் அங்கே சேர்க்கை முடிந்துவிடும்.

தன் வீட்டை அவள் ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டால் எனக்கே தூக்கம் கலைந்துவிடும். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் இரும்பு ஏணி. அவள் அப்பா கட்டட வேலைக்குப் போன இடத்தில் மிஞ்சிய நீல டைல்ஸைக் கொண்டுவந்து அடுப்படியில் ஒட்டியிருந்தார். ஏணியின் உச்சிப் படியில் உட்கார்ந்தால் ரயில் தெரியும். ரயில் போகும்போது அலமாரியில் இருக்கிற பாத்திரமெல்லாம் சேர்ந்து பேசுமாம். பக்கத்தில் பெரிய சாக்கடை, அதையும் விடாமல் சொல்வாள்.

"ஏத்தா, சாக்கடைய எல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு? என் பால்கனியைச் சொல்லேன், சுத்தபத்தமா இருக்கும்" என்றேன் ஒரு நாள். எங்கள் வீட்டில் மதுரைத் தமிழ். அவளுக்கு விழுப்புரம் பக்கத்துத் தமிழ்.

"அது உங்க ஊடு டீச்சர். எங்க ஊட்டுக்கு இன்னா கொறச்சல்?"

ஒரு குறைச்சலும் இல்லை.

சாக்கடையோர ஆக்கிரமிப்பு என்று சொல்லி வெயில் காலத்தில் கேம்ப்பை இடித்தார்கள். சிலருக்கு மாற்றாக நரேலாவில் ஃப்ளாட் கிடைத்தது, பலருக்கு அதுவும் இல்லை. இவள் குடும்பத்துக்குக் கிடைத்தது. நரேலா ஊருக்கு ஒரு கோடி, அம்மாவின் வேலை வீடுகள் இருந்தது இன்னொரு கோடி. இவள் சில நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. நின்றுவிட்டாள் என்றே நினைத்தேன். பாதியில் நிற்கிற பிள்ளைகள் எனக்குப் புதிதில்லை. பிறகு ஒரு நாள், பஸ் மாறி மெட்ரோ பிடித்து, வகுப்பு பாதி முடிந்த நேரத்தில் வியர்வையோடு வந்து நின்றாள்.

அன்றே அவளுக்கு ஒத்திகை வைத்தேன். பேச்சுத் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். அவளுக்கு ஜோடி அந்தத் துணிக்கடைப் பையன். நான் மூஞ்சியை மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டேன், எங்கே வசிக்கிறாய்?

"எங்கள் வீட்டை உடைத்துவிட்டார்கள்" என்றாள் ஆங்கிலத்தில்.

கையில் இருந்த தாளில் அடுத்த கேள்வி அச்சடித்திருந்தது. எனக்கு வாய் வரவில்லை. வாய் ஓயாத அந்தப் பையனும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேளுங்க டீச்சர். எக்ஸாம்ல மட்டும் உட்டுருவாங்களா?" என்று தமிழில் சொன்னாள்.

கேட்டேன். அந்த இடத்தில் உனக்கு என்ன பிடிக்கும்? அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு படத்தைக் காட்டினாலும் பேச்சு வரவில்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். வேறு எதைக் கேட்டாலும் பேசுகிறவள், வீட்டில் ஆரம்பித்தால் மட்டும் அங்கேயே நின்றுபோனாள். தேர்வு தொடங்குவதே அந்த இடத்தில்தானே! அங்கே தடுக்கி விழுந்தால் மீதியை எங்கே எழுந்து ஓடுவது? சர்டிபிகேட் கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது எனக்குக் கண்ணுக்கு எதிரே தெரிந்தது.

படிக்கட்டில் அவளை நிறுத்தினேன். கீழே கடைக்காரர் யாரிடமோ பேரம் பேசிக் கத்திக்கொண்டிருந்தார்.

"நரேலான்னு சொல்லேன்டி. அதுவும் வீடுதான?"

"அங்க இன்னா பிடிக்கும்னு கேப்பாங்களே டீச்சர். இன்னும் மூட்டையே பிரிக்கல. இன்னான்னு சொல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்.

"அப்ப என் வீட்டைச் சொல்லு. ஊர்ல இருக்கற எல்லாக் கழுதையும் அதத்தான் சொல்லுது. நீயும் சொல்லு. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"அச்சா" என்றாள்.

மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தாள். இரண்டாம் மாடி, பால்கனி, எதிரே பார்க். பஸ் போர்டைப் படிக்கிற குரலில் ஒப்பித்தாள். ஏணி, ரயில், நீல டைல்ஸ் ஒன்றும் இல்லை. பரவாயில்லை, பாஸ் மார்க் வந்துவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பாஸ் மார்க்கோடு திருப்திப்பட்டுத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. எங்களை உள்ளே விட மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே குல்ச்சா ரொட்டி விற்கிற வண்டிக்காரரின் குடை நிழலில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அடித்த வெயிலில் மண்டை காய்ந்தது. என் பேட்ச் பிள்ளைகள் ஒவ்வொரு ஜோடியாக வெளியே வந்தார்கள். பால்கனியைச் சொன்னேன் மேம், பார்க்கைச் சொன்னேன் மேம். உள்ளே உட்கார்ந்திருந்த தேர்வாளரை நினைத்தால் பாவமாக இருந்தது. டெல்லியில் மொத்தமே ஒரு வீடுதான் இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

அவள் ஜோடியில் துணிக்கடைப் பையன்தான் முதலில் வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"க்யா ஹுவா? ஏதாவது பேசினாளா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

அவன் இந்தியில் சொன்னதை என் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: அவளிடம்தான் முதலில் வீட்டைக் கேட்டார்களாம். ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லையாம். தேர்வாளர் 'தேங்க் யூ' சொல்ல இரண்டு தடவை வாயெடுத்து, சொல்லாமல் விட்டாராம். தானும் குறுக்கே பேசவில்லையாம். அவன் ஆயுசிலேயே குறுக்கே பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"பால்கனியைச் சொன்னாளா?"

"பால்கனி நஹி, மேம்" என்றான். "நீலே டைல்ஸ்."

பிறகு ரிசல்ட் வந்தது, நல்ல மார்க், பயிற்சியிலும் இடம் கிடைத்தது. அதெல்லாம் பின்னால். அப்போது நான் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தண்ணீர் பாட்டிலை வாயில் கவிழ்த்தபடி கேட்டைத் தாண்டி வந்தாள்.

"என்னடி சொன்ன?"

"எங்க ஊட்டத்தான் சொன்னேன் டீச்சர். ஜங்புரால இருக்கோம்னேன். அப்பா ஒட்டுன டைல்ஸு, ஏணி, ரயில் போனா பாத்திரம் ஆடும், அம்மாவுக்கு வேலைக்கு நடந்தே போற தூரம், எல்லாத்தயும் சொன்னேன். சாயங்காலம் போயி ஏணில உக்காரப் போறேன்னும் சொன்னேன்."

"அந்த வீடு இப்ப இல்லையேடி."

பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"யாரு டீச்சர் வந்து பாக்கப் போறாங்க?"