மிச்சம் வைக்காத எண்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாமலேயே மூன்று படகு வாங்கியவன் நான். பழவேற்காட்டில் என் வாயை அடைத்தவர் ஒருவர்தான்: படகில் எண் எழுத வந்த பெயிண்டர். காதில் பிரஷ், சட்டையெல்லாம் நீலத் திட்டு. எழுதி முடித்த எண்ணை முணுமுணுத்தபடி வகுத்துப் பார்ப்பார்.

என் புதுப் படகுக்கு வந்த எண் 103103.

“கூட்டினா எட்டு வருது நைனா, சனி! ஏற மாட்டோம்” என்று என் ஆட்கள் ஏழு பேரும் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

பெயிண்டர் சிரித்தார். “இன்னாத்துக்குக் கூட்டுறீங்க? வகுத்துப் பாருங்க. ஏழு பேருக்கும் மிச்சமில்லாம சமமா வரும்.”

செல்போனில் போட்டுப் பார்த்தார்கள். சரியாக வந்தது. சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

“எப்டிப்பா கண்டுபுடிச்ச?” என்று கேட்டேன்.

“எந்த மூணு இலக்க நம்பரையும் ரெண்டு வாட்டி ஒட்டி எழுதினா ஏழால வகுபடும் நைனா.”

இன்றும் மணலில் எழுதி வகுத்துப் பார்க்கிறேன். ஒருமுறைகூட அவர் தோற்கவில்லை. மூன்று படகு வாங்கிய மூளைக்கு, ஏன் என்பது மட்டும் பிடிபடவில்லை.