மணமேல்குடியிலிருந்து கயிற்றில் வந்த கார்

போன செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, மெக்கானிக் கருப்பையாவின் ஷெட் வாசலில் நாலைந்து லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் வேலை நடக்கவில்லை. டிரைவர்கள் எல்லோரும் கீழே இறங்கிக் கைகட்டி நின்றார்கள். நான் எதிர்ச்சாரியில் நடந்துகொண்டிருந்தேன். நான்கு வருடமாக அந்த இடம் வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவது என் வழக்கம். பஞ்சர் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். "டீச்சரம்மா, ஒங்களுக்குச் சேதி வந்துச்சுங்களா? விடியக்காலம் போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னு உக்காந்தவர்தான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பிறகு பள்ளிக்கூடம் போய் ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்தினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

புதுக்கோட்டையில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு நாள் கருப்பையாவை மட்டும். அதையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

என் கணவர் மணமேல்குடியில் வைத்தியம் பார்த்தவர். கடற்கரை ஊர்களுக்கெல்லாம் காரில் போய் வருவார். அவர் காலமான பிறகு நான் புதுக்கோட்டைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். கார் அவருடைய அண்ணன் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றது. ஏழு வருடம் நின்றது. ஒரு கோடை விடுமுறையில் போயிருந்தபோது அந்த அண்ணன், வீட்டுப் பெரியவர், சொன்னார்: "ஏம்மா, கொட்டாயை அடைச்சுக்கிட்டு நிக்கிது. அச்சு நல்ல அச்சு, சக்கரத்தோட மாட்டுவண்டிக்கு ஆகும். ஆசாரியை வரச்சொல்லியிருக்கேன். எடுத்துக்கிட்டுப் போறதுன்னா இந்த லீவுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போயிரு."

அவர் சொன்னதில் கோபமில்லை. நியாயமும் இருந்தது. ஆனால் அந்தக் காரை அறுப்பார்கள் என்று கேட்டதும், பஸ்ஸைப் பிடித்து வந்து நேராகக் கருப்பையாவின் ஷெட்டில்தான் இறங்கினேன். "ஒரு காரை மணமேல்குடியிலேருந்து இங்க கொண்டு வரணும். ஏழு வருஷமா நிக்குது" என்றேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "கொண்டாரணும். அவ்வளவுதானங்களே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் மணமேல்குடிக்குத் திரும்பினேன். இரண்டு நாள் கழித்து அவர் ஒரு காலி லாரியில் நான்கு டயர்களைப் போட்டுக்கொண்டு தனியாக வந்து சேர்ந்தார். உடனே கட்டி இழுத்துப் போய்விடுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் அன்று முழுவதும் காருக்கு அடியிலேயே கிடந்தார். வெடித்துப்போன டயர்களை மாற்றினார். நாலு சக்கரத்தையும் கழற்றி, காய்ந்து கட்டியாகியிருந்த கிரீஸை வழித்து எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தார். இறுகிப்போயிருந்த பிரேக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விடுவித்தார். கியர் பெட்டியிலிருந்து பின்பக்கம் போகும் நீளத் தண்டைக் கழற்றி லாரியில் போட்டார். எண்ணெய் இல்லாத பெட்டியை ஐம்பது மைல் சுழல விட்டால் உள்ளே எல்லாம் தேய்ந்துபோகும் என்றார். இன்ஜினில் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், துணியால் கையைத் துடைத்துக்கொண்டு அதைத் திரும்ப மாட்டினார். அதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது. "இழுத்துக்கிட்டுப் போற வண்டிக்கு இம்புட்டு வைத்தியமா? ஓட்டிக்கிட்டா போகப்போறீக?" என்றார்.

"ஓடுற வண்டின்னா அதுவே சொல்லிரும்ங்க, எங்க வலிக்கிதுன்னு. நின்ன வண்டி சொல்லாது. நாமதான் தடவிப் பாக்கணும்" என்றார் கருப்பையா, காருக்கு அடியிலிருந்தே.

பின்னால் வரும் காருக்கு யாராவது ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கணவர் இருந்தபோது அந்தக் காரைத்தான் ஓட்டியிருக்கிறேன். அவர் போன பிறகு அதன் கதவைக்கூடத் திறந்ததில்லை. நான் தயங்குவதைக் கருப்பையா கவனித்தார். ஆறுதல் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். "முன்னால இழுக்குறது என் வேலைங்க. நிறுத்துறது ஒங்க வேலை. நான் வேகத்தைக் கொறைக்கும்போதெல்லாம் நீங்க லேசா பிரேக்கு புடிக்கணும். கயிறு தொய்யவே கூடாது. தொஞ்சா அடுத்த இழுப்புல அந்துரும், இல்லாட்டி நீங்க வந்து எம்மேல முட்டிருவீங்க. இடது கை ஹேண்ட் பிரேக்கு பக்கத்துலயே இருக்கட்டும்." லாரி ஒரு ஹாரன் அடித்தால் கிளம்புகிறது, இரண்டு அடித்தால் நிற்கிறது. எனக்கு ஏதாவது என்றால் ஜன்னலுக்கு வெளியே துண்டை ஆட்ட வேண்டும், கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். சங்கிலி வேண்டாம், சங்கிலிக்கு இளக்கம் கிடையாது என்று சொல்லிப் படகுக் கயிறு ஒன்றை வாங்கிக் கட்டினார். நடுவில் கயிறு இருப்பது ஆடுமாடு ஓட்டுகிறவர்களுக்குத் தெரிவதற்குச் சிவப்புத் துணி கேட்டார். என் பெட்டியில் சிவப்பு இல்லை. ஓரகத்தியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை கிளம்பும்போது பண்ணை வண்டிக்காரர் வீரன் என் ஜன்னலருகே வந்தார். "ஆத்தா, நீங்க கவலப்படாமப் போங்க. சக்கரத்துக்கெல்லாம் வெளக்கெண்ணெய் விட்டிருக்கேன். வழுக்கிக்கிட்டுப் போகும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் எனக்காக ஒருவர் ஏதோ செய்திருக்கிறார் என்பது மட்டுமே என் மனதில் பட்டது.

ஐந்து மைலுக்கு ஒரு தடவை கருப்பையா நிறுத்துவார். இறங்கி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கை பொறுத்தால் போகலாம், பொறுக்காவிட்டால் ஆறும்வரை நிற்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் எனக்குத் தெரிந்தது லாரியின் பின்பலகையும் புழுதியும் அந்தச் சிவப்புத் துணியும்தான். இன்ஜின் சத்தம் இல்லாத காருக்குள் உட்கார்ந்து போவது விசித்திரமானது. டயர் மண்ணில் உருளும் சத்தம் மட்டும் கேட்கும். பக்கத்து ஆசனத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அது எனக்கு உதவியாக இருந்தது.

அறந்தாங்கிக்குக் கொஞ்சம் முன்னால், கண்மாய்க் கரையிலிருந்து சாலை இறங்குகிற இடத்தில், ஒரு ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. இரண்டு ஹாரன் கேட்டது. பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. எண்ணெயில் கால் வைத்ததுபோல வழுக்கிக்கொண்டு போனது. கயிறு தரையில் விழுந்ததைப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். பின்சக்கரம் ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டது, கார் ஒருபக்கமாகத் திரும்பி லாரியின் பின்பலகைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

கருப்பையா ஓடி வந்து முதலில் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். விரலால் தொட்டு மோந்தார். "வெளக்கெண்ணெய்" என்றார். வீரன் சொன்னதை அப்போதுதான் சொன்னேன். மாட்டுவண்டி அச்சுக்கு விடுவதுபோலவே, வீரன் பிரேக் டிரம்முக்குப் பின்னால் இருந்த இடுக்கு வழியாக மூன்று சக்கரத்துக்கு விட்டிருந்தார். நாலாவது கைக்கு எட்டாமல் சுவரோரம் இருந்திருக்கிறது. ஓட ஓடச் சூட்டில் எண்ணெய் மெல்ல இளகிப் பிரேக்குக்குள் இறங்கியிருக்கிறது.

"சொல்லியிருக்கணும்ங்க" என்றார் கருப்பையா. சக்கரத்தின் அருகே உட்கார்ந்துகொண்டு, "நானும் காலையில ஒருக்கா பிரேக்கைப் பாத்திருக்கணும். நேத்துப் பாத்ததே போதும்னு இருந்துட்டேன். அந்தாளு நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காரு" என்றார். அங்கேயே சாலையோரத்தில் மூன்று சக்கரத்தையும் கழற்றிப் பெட்ரோல் விட்டுக் கழுவினார். இரண்டு மணி நேரம் ஆனது. இதோடு விட்டுவிடலாமா என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. எல்லாவற்றையும் மாட்டி முடித்து, காரை முன்னும் பின்னும் தள்ளி என்னைப் பிரேக் பிடிக்கச் சொல்லி நாலு தடவை பார்த்துவிட்டு, "இப்பப் போவமா?" என்றார்.

அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தியபோது பெஞ்சிலிருந்த ஒருவர், "என்னண்ணே, அம்மாவைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டுப் போறீக?" என்று கேட்டுச் சிரித்தார். கருப்பையா டீயை ஆற்றிக்கொண்டே, "இழுக்குறது மட்டும்தான் நானு. நிக்கிறதும் போறதும் அவங்க கையில இருக்கு. நீ வேணா வந்து உக்காரு, ஒரு மைல் தாங்குறியான்னு பாப்போம்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் கார் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை.

அடுத்த மாதம் ஷெட்டுக்குப் போய், எப்போது ஓட்டலாம் என்று கேட்டேன். அவர் துணியால் கையைத் துடைத்தார். பிறகு, "அது ஓடாதுங்க. அங்கிட்டு ரேடியேட்டர்ல உப்புத் தண்ணியை ஊத்தி ஊத்தி உள்ளுக்குள்ள அரிச்சுப்போயிருச்சு. பிளக்கைக் கழட்டுனப்பவே துருத்தண்ணி வந்துச்சு" என்றார்.

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்ங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஓடுமான்னு கேக்கலைங்களே. கொண்டாரணும்னு சொன்னீங்க. கொண்டாந்தேன்."

"சொல்லியிருந்தா அங்கேயே விட்டுட்டு வந்திருப்பேன்" என்றேன்.

"விட்டுட்டு வந்திருப்பீங்களா?" என்று கேட்டார். குத்தலாக இல்லை. தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார்.

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஏமாற்றப்பட்டதாக நினைத்தேன். அன்றிலிருந்துதான் எதிர்ச்சாரி. அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பார். நான் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விடுவேன்.

என் கணவர் போன பிறகு எனக்கு எது நல்லது என்று எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். எந்த ஊரில் இருக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை மறக்க வேண்டும் என்று சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஓடாது என்று தெரிந்த ஒரு காரை, நான் கேட்டேன் என்பதற்காக மட்டும், ஐந்து மைலுக்கு ஒருமுறை இறங்கித் தொட்டுப் பார்த்துக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒருவர்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. அதற்குள் ஷெட்டை மூடிவிட்டார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதற்குப் பதில் எனக்கு அன்றைக்கே தெரியும். விட்டுவிட்டு வந்திருக்க மாட்டேன், கருப்பையா. ஓடாது என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் கொண்டு வரச் சொல்லித்தான் கேட்டிருப்பேன்.