இரண்டாவது பிரேக்

“சைக்கிள் எப்படிக் கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கையில் கொடுக்கிறார் மாஸ்டர். கார் பழக வந்தவரிடம் சைக்கிள் கதை எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் விழிப்பார்கள். அவர் விடமாட்டார். “சும்மா சொல்லுங்க. யார் பிடிச்சாங்க? எத்தனை தடவ விழுந்தீங்க? விழுந்தப்போ திட்டினாங்களா, சிரிச்சாங்களா?” பதில் வரும்வரை ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார்.

‘அண்ணன் தள்ளிவிட்டுட்டு ஓடிட்டான்’ என்று சொல்கிறவரை முதல் நாளே கடைத்தெருவுக்குள் ஓட்டச் சொல்வார். ‘அப்பா ஒரு மாசம் பின்னாலயே ஓடி வந்தார்’ என்கிறவருக்கு ஒரு வாரம் காலி மைதானம்தான். ஓடும்போது மட்டும் சைக்கிள் ஏன் விழுவதில்லை என்று யோசித்துக்கொண்டே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டவன் நான். அதைச் சொன்னதும் பெருமூச்சு விட்டார். அன்றைக்கு வண்டியை நகர்த்தவே இல்லை. தன் டிபன் டப்பாவின் இரண்டு மூடிகளை ஒன்றோடொன்று உரசிக் காட்டி, கிளட்ச் என்ன வேலை செய்கிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அன்றுமுதல் எனக்கு ‘ஏன் சார்’ என்று பெயர். நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு பட்டம் வாங்குவேன் என்று நான் நினைக்கவில்லை.

அவருக்கு ஐம்பத்தேழு. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாளைக்கு எட்டுப் பேர். “கிளட்ச மெதுவா விடுங்க” என்பதை எட்டுப் பேருக்கும் எட்டு விதமாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு அதட்டல், ஒருவருக்குக் கெஞ்சல். இன்னொருவருக்கு ஒன்றுமே சொல்லாமல் விரலை மட்டும் மெல்லத் தூக்கிக் காட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் குரல் கட்டிப்போகிறது. “வீட்டுக்குப் போனா பேச்சே வர மாட்டேங்குது சார். வாய அங்கயே கழட்டி வச்சுட்டு வந்துட்டீங்களான்னு கேக்குறா என் சம்சாரம்” என்பார். சிரிப்பதற்குக்கூடத் தெம்பில்லாமல்தான் இதைச் சொல்வார்.

ஒருமுறை தன் மகனைப் பற்றிச் சொன்னார். “ஊர்ல எல்லாரையும் சைக்கிள் கேள்வி கேட்டேன். அவன மட்டும் கேக்கல. என் புள்ளதானே, எனக்குத் தெரியாதான்னு நெனச்சேன். நாலே நாள்ல சண்டை. வேற ஆள்கிட்ட போய்க் கத்துக்கிட்டான்.” பிறகு நெடுநேரம் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கியரைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

ஓட்டுநர் பள்ளியின் முதலாளிக்கு இந்த விசாரணையெல்லாம் வீண்வேலை. வாசலில் ‘இருபது வகுப்பில் லைசென்ஸ்’ என்று பலகை வைத்திருக்கிறார். “எல்லாருக்கும் ஒரே வண்டி, ஒரே ரோடு. அப்புறம் என்ன ஆளுக்கொரு பாடம்?” என்று அவர் கேட்டபோது நான் அலுவலகத்தில்தான் இருந்தேன். மாஸ்டர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, “செருப்புகூட எல்லாருக்கும் ஒரே அளவுல வாங்கறதில்லையே முதலாளி” என்றார். முதலாளி சிரிக்கவில்லை.

எங்கள் பள்ளியில் இரண்டு பேரை ஒன்றாக ஏற்றுவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வாய்த்த ஜோடி, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் அம்மா. வயது ஐம்பதுக்கு மேல். கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்கு அழைத்துப்போக வேண்டும். வாடகை வண்டிக்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டு வாசலில் கணவரின் கார் தூசி படிந்து நிற்கிறது. “மொத ஆறு மாசத்துல எவ்வளவு தேறுதோ அதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். நாலு மாசம் ஓடிடுச்சு” என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். அதற்குள் இரண்டு தடவை தேர்வில் தோற்றிருந்தார். மூன்றாவதும் போனால் பழகுநர் உரிமத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் ஆகும்.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: “முப்பத்தஞ்சு கிளாஸ் ஆச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா அந்தம்மாவ வேற இடம் பார்த்துக்கச் சொல்லுங்க.”

மாஸ்டருக்குத்தான் பிடிபடவில்லை. “எங்கூட ஓட்டுறப்போ தங்கமா ஓட்டுறாங்க சார். சிக்னல்ல நிக்கிறாங்க, வளைவுல நிதானமா போறாங்க. தேர்வு அதிகாரி ஏறினா மட்டும் கோட்ட விட்டுடறாங்க.” முதல் தேர்வில் அந்த அம்மா சிவப்பு விளக்கைத் தாண்டி நேராகப் போய்விட்டார். இரண்டாவது தேர்வில் ஆளே இல்லாத சாலையின் நடுவில் சட்டென்று பிரேக் போட்டு நின்றார். பயம்தான் காரணம் என்று மாஸ்டர் முடிவுகட்டினார். தைரியம் சொன்னார், அதட்டினார், ஒரு நாள் முழுக்க வாயையே திறக்காமல் வந்தார். அவர் சரக்கெல்லாம் தீர்ந்துவிட்டது.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. அன்று மாஸ்டருக்கு முழங்கால் வலி. பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் எப்போதும் பாதத்தை அந்தரத்தில் வைத்திருந்தே அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. சேமிப்புக் கிடங்குகளை ஒட்டிய சாலை. எதிரே ஒரு பூனைகூட இல்லை. வலி தாங்காமல் மாஸ்டர் காலை நீட்டி மடக்கினார். வண்டி சடாரென்று நின்றது. என் மூக்கு முன் இருக்கையில் இடித்துக்கொண்டது.

“ஏம்மா நிறுத்தினீங்க?”

“நீங்கதானே மாஸ்டர் கால அசைச்சீங்க?”

மாஸ்டர் தன் முட்டியைப் பார்த்தார். மறுபடி கிளப்பச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் வேண்டுமென்றே முழங்காலை லேசாக உயர்த்தினார். வண்டி நின்றது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வண்டி புறப்பட்டது.

“அப்போ ரோட்டப் பாக்குறதே இல்லையா?”

“ரோட்டப் பாத்தா பயமா இருக்கு மாஸ்டர். உங்க முட்டியப் பாத்தா பயமே இல்ல. நீங்க பிரேக்குக்குப் போறதுக்கு முன்னாடியே நான் போட்டுடுவேன்.” இதை அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். டைப்ரைட்டரும் கம்ப்யூட்டரும் பக்கத்து இருக்கைக்காரர்களின் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். இதுவரை தப்பு வந்ததில்லையாம். முதல் தேர்வில் அதிகாரி காலை அசைக்கவே இல்லை. இரண்டாவது அதிகாரி கால்மேல் கால் போட்டார்.

மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கிக் கிடங்குச் சுவரில் சாய்ந்துகொண்டார். நானும் இறங்கினேன். “முப்பத்தஞ்சு நாள் சார். அந்தம்மா ஒரு நாள்கூடத் தப்பாப் படிக்கல. நான் கத்துக்கொடுத்தத அப்படியே படிச்சிருக்காங்க” என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கற்றுக்கொள்பவர்களை எல்லாம் அலசி ஆராய்ந்தவர், தன் முட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார். அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

மறுநாள் என் முறையையும் அந்த அம்மாவுக்கே கொடுத்தேன். மாஸ்டர் ஏறியதும் செருப்பைக் கழற்றினார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று புரிவதற்குள் இருக்கையின் மேல் இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வலியில் பல்லைக் கடித்தார். “போங்கம்மா.”

“மாஸ்டர், கால கீழ வைங்க மாஸ்டர்.”

“இன்னிக்கு இப்படித்தான். எனக்கு முட்டி வலி. மெதுவாப் போங்க.”

வண்டி இரண்டு முறை அணைந்து, மூன்றாவது முறை நகர்ந்தது. அந்த அம்மாவின் பார்வை ஓரக்கண்ணால் பக்கத்து இருக்கைக்குப் போவதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக இருந்தது. ஒரு ஆட்டோவை உரசாமல் தப்பினோம். வேகத்தடையில் நான் கூரையில் தலையை இடித்துக்கொண்டேன். நாலு தெரு சேரும் சிக்னல் வந்தது. விளக்கு மஞ்சளாகி, சிவப்பானது. குறுக்கே பஸ் ஒன்று புறப்பட்டது. “மாஸ்டர்” என்றார் அந்த அம்மா. மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது வண்டி வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றிருந்தது. அந்த அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பஸ் கடந்துபோவதை அதன் கடைசி ஜன்னல்வரை பார்த்தார். விளக்கு மாறியது.

“பச்சை விழுந்துடுச்சு. போகட்டுமா மாஸ்டர்?”

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அந்த அம்மா இன்னொரு முறை கேட்கவில்லை. இடம் பார்த்தார், வலம் பார்த்தார், கிளட்சை மெதுவாக விட்டார்.

சிக்னலைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகும், மாஸ்டர் தன் இரண்டு கால் கட்டைவிரல்களையும் கைகளால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.