காலியாக விட்ட கட்டம்

குழித்துறைப் பக்கம் எங்கள் சபையில் செல்லபாய் மாமியைத் தெரியாதவர் இல்லை. கையில் எப்போதும் ஒரு பட்டன் போன் இருக்கும். போதகர் ஐயர் பிரசங்கம் செய்யும்போது அது அடித்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டோம். கப்பல் வேலைக்குப் போன மகன் ஷிபுவிடமிருந்து எட்டு வருடமாகத் தகவல் இல்லை. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்தப் போனின் எண் ஒன்றுதான்.

போன வருடம் சபைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை நான் எடுத்தேன். தக்கலையில் சாஃப்ட்வேர் வேலை, பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு! டேட்டாபேஸில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக 'உயிரோடு இருக்கிறாரா' என்று ஒரு கட்டம். ஆம் அல்லது இல்லை, தெரியாவிட்டால் காலி.

"ஷிபுவுக்குள்ளத காலியா விடு மக்கா. மாமிக்கு வாக்கு குடுத்திருக்கேன்," என்றார் செயலாளர் சிலுவைதாசன். விட்டேன். மொத்தச் சபையிலும் காலியாக இருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் புரோகிராமில் அந்த விவரத்தை வாங்கிக்கொள்ள நான் வைத்த இடம் ஆம், இல்லை இரண்டை மட்டுமே ஏற்கும். காலியைக் கொடுத்ததும் முரண்டுபிடித்து நின்றுவிட்டது. மூன்றாவதற்கும் இடம் செய்திருக்கலாம், பத்து நிமிட வேலை. சோம்பேறிக் கழுதை நான், 'காலி என்றால் இல்லை' என்று ஒரு வரி எழுதி அதன் வாயை அடைத்தேன்.

ஆண்டு விழாவான சபை நாளன்று மரித்தோர் பெயர்களை வாசிப்பது வழக்கம். என் புரோகிராம் கொடுத்த பட்டியலைப் புதிதாக வந்த ஐயர் வாசித்தார். அதில் ஷிபுவும் இருந்தான். மாமி எழுந்து வெளியே போனார்.

"கம்ப்யூட்டர்ல என்னவோ தகராறு," என்று சிலுவைதாசனிடம் கூசாமல் சொன்னேன். அவர் ஓடிப்போய் மாமியிடம் அதையே சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து மாமி அதை நம்பவில்லை.

பதினோராம் நாள் தாங்கமுடியாமல் மாமி வீட்டுக்குப் போனேன்.

"கம்ப்யூட்டருக்கு எங்கேருந்து மக்கா செய்தி வந்துது? கப்பல்காரன் சொன்னானா?" என்று கேட்டார்.

"செய்தி ஒண்ணும் வரேல மாமி. நான் எழுதின தப்பு. கம்ப்யூட்டர் இல்ல, நான்தான்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமி அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். அணைத்து வைத்திருந்தார். பட்டனை அழுத்திப் பிடித்து, வெளிச்சம் வரும்வரை காத்திருந்தார்.

"பதினோரு நாளு மக்கா," என்றார். "இதுக்கெடையில அவன் போன்ல விளிச்சிருந்தாம்னா?"