அமிர்தம் ஏறிய வெள்ளை போர்டு வண்டி

சிதம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து பாதி ஊரைப் பேச வைத்தவள் அமிர்தம். நம்பரைச் சுற்றினால் தானாக லைன் கிடைக்கிற வசதி வருவதற்கு முந்திய காலம் அது. கல்யாணச் சேதி, சாவுச் சேதி எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். "லைன்லயே இருங்க" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால், துபாய்க்காரன் குரலுக்காகப் பரங்கிப்பேட்டையில் ஒரு தாய் அரை நாள் அசையாமல் காத்திருப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு இந்த வயதில் பேச ஆள் இல்லை என்றால் யாராவது நம்புவார்களா?

புருஷன் சபாபதி போய்ச் சில வருஷம் ஆயிற்று. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பின்தெருவில் சொந்த வீடு. ஒரே மகள் இளவரசிக்குப் புனேயில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரிம்மா வைக்கிறேன். அவ்வளவுதான். பெண் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் ஓடுகிற ஓட்டத்தில் மூச்சு விட நேரமில்லை. அது அமிர்தத்துக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் வீட்டில் சத்தம் வந்துவிடுமா? பால்காரனை வாசலில் நிறுத்தி வைத்துப் பேசிப் பார்த்தாள். அவனும் கொஞ்ச நாளில் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தான்.

அப்புறம் சர்க்கரை கண்ணைப் பிடித்தது. மகள் கம்பெனி இன்சூரன்ஸ் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் செல்லுமாம். மாதம் ஒரு தரம் ரயிலேறி எழும்பூர், அங்கிருந்து காரில் ஆஸ்பத்திரி, கண்ணில் ஊசி.

முதல் தடவையே ஒரு தப்பு செய்தாள். கடலூர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்கள் பக்கம் கார் வேண்டுமென்றால் ஆளைத்தான் பார்ப்போம், வண்டியை யார் பார்ப்பது? கதிரவன் வண்டி, தேவசகாயம் வண்டி என்றுதான் பேச்சே. நம்பர் பலகை என்ன நிறமென்று எவனும் குனிந்து பார்த்ததில்லை. எழும்பூர் வாசலில் ஒருவன் வந்து, "கடலூர் பக்கமாம்மா? நான் அண்ணாகிராமம்" என்றான். போதாதா! ஏறி உட்கார்ந்து இந்த வருஷப் பலா, முந்திரி, அவன் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் என்று எல்லாம் விசாரித்தாள். பாதி வழியில், முன்னால் போலீஸ் வண்டிகளை மறிப்பது தெரிந்ததும் அவளை ஒரு மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டுப் பறந்துவிட்டான். அது வெள்ளை போர்டு, சொந்த உபயோகத்துக்கான கார். வாடகைக்கு ஓட்ட பர்மிட் கிடையாது. ஊர்க்காரனாம் ஊர்க்காரன்! கொளுத்துகிற வெயிலில் எந்த இடம் என்று தெரியாமல் நின்றாள்.

இதைக் கேட்ட இளவரசி நடுங்கிப்போனாள். அன்றிலிருந்து புனேயில் இருந்தபடியே அவள்தான் ஆப்பில் டாக்ஸி போட்டாள். ரயில் நின்றதும் போன் வந்துவிடும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கிறதா பார், அதுதான் வாடகை வண்டி. நான் சொன்ன நம்பர்தானா பார். போட்டோவில் இருக்கிற டிரைவர்தானா பார். வண்டிக்குள் உட்காருகிறவரை நான் அனுப்பின கோடு நம்பரை டிரைவரிடம் சொல்லாதே, முன் சீட்டில் ஏறாதே. பாதியில் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன்.

அந்தப் பாதி வழிப் போனில்தான் மற்றதெல்லாம் வந்தது. தலைமுடி கொட்டுகிறது என்றாள். மேலதிகாரியைத் திட்டினாள். ஒருநாள் உன் மிளகு ரசத்துக்கு என்ன போடுவாய் என்று கேட்டாள். சைதாப்பேட்டை தாண்டும்வரை ரசம்தான். கண்ணில் ஊசி போடுகிற நாளைத் தீபாவளி மாதிரி எதிர்பார்த்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பொங்கல் லீவுக்கு வந்த மகள் அம்மா போனிலேயே ஆப்பைப் போட்டுக் கற்றுக்கொடுத்தாள். ஒரு எக்ஸ்சேஞ்சையே கையில் வைத்து ஆட்டியவளுக்கு இது எம்மாத்திரம்? அன்றைக்கே பிடிபட்டுவிட்டது. ஆனால் அழுத்தமாக வாயை மூடிக்கொண்டாள். வேண்டுமென்றே தப்புத் தப்பாக அழுத்தினாள். இளவரசி தலையில் அடித்துக்கொண்டு, சரி நானே போடுகிறேன் என்றாள். கள்ளிக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

எத்தனை நாளைக்கு ஓடும்? ஒரு மாதம் ரயில் தாமதம். மகள் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருந்தாள். "இதக்கூடக் கத்துக்க மாட்டியாம்மா? எல்லாத்துக்கும் நான்தானா?" என்று எரிந்து விழுந்தாள்.

அமிர்தத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தானே வண்டி போட்டாள், பலகை பார்த்தாள், கோடு சொன்னாள், போய் ஊசியும் போட்டுக்கொண்டு வந்தாள். அன்று சாயந்திரம் மகளிடம் சொல்லவும் சொன்னாள்.

"சூப்பர்ம்மா! இனிமே எனக்குக் கவலயே இல்ல."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள், வேறென்ன சொல்ல? அடுத்த மாதம் எழும்பூரில் போன் அடிக்கவில்லை. பாதி வழியிலும் அடிக்கவில்லை. இறங்கியதும், பயணம் எப்படி இருந்தது என்று அந்த ஆப் மட்டும் கேட்டது. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. சைதாப்பேட்டை வந்தபோது அழுகை வந்துவிட்டது. கண்ணில் தொந்தரவு என்று டிரைவரிடம் சொல்லிச் சமாளித்தாள்.

போன வாரம் மறுபடி ஊசி. ஸ்டேஷன் வாசலில் போனை எடுத்து ஆப்பைத் திறக்கப் போனாள். "எங்கம்மா போவணும்? பண்ருட்டிப் பக்கமா நீங்க?" என்று ஒருவன் கேட்டான். வேறு ஆள், வேறு கார். அமிர்தம் இந்தத் தடவை முன்னால் போய்க் குனிந்து பலகையைப் பார்த்தாள். வெள்ளை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெள்ளைதான். பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கார் கிளம்பியதும் மகளைக் கூப்பிட்டாள்.

"இளவரசி, தெரியாம வெள்ள போர்டுல ஏறிட்டேன்டி."

அந்தப் பக்கம் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. "ஐயோ அம்மா. பயப்படாத. போன வெக்காத, கேக்குதா? நீ இறங்குற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

வைக்கவில்லை என்று சொன்னாள் அமிர்தம். அப்புறம் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு டிரைவர் பக்கம் குனிந்தாள்.

"மெதுவாவே போப்பா. அவசரம் ஒண்ணும் இல்ல."