பால் ஊற்றாத நாட்கள்

எங்கள் பால் சங்கத்துக்குக் கம்பியூட்டர் வரப்போகிறது என்று கூட்டம் வைத்த அன்று, ஆளுக்கொரு தாளைக் கையில் தந்தார்கள். எத்தனை மாடு, எத்தனை கன்று, பாலை யார் கொண்டுவருவது என்றெல்லாம் அதில் நிரப்ப வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பேனையைப் பிடித்தபடி இருந்தேன். கௌசலா அதைக் கண்டிருக்க வேண்டும். என் பக்கம் பாராமலே எழும்பி, “தாளெல்லாத்தையும் தந்திடுங்கோ. கேள்வியள் வடிவாய் அச்சடிபடேல்லை. நான் வீடு வீடாய் வந்து கேட்டு எழுதிறன்” என்று வாங்கிக்கொண்டாள். தாளில் ஒரு பிழையும் இருக்கவில்லை என்று பிறகுதான் அறிந்தேன்.

கௌசலா பரந்தனுக்குக் கிழக்கே ஒரு வயற்கிராமத்துப் பிள்ளை. தகப்பன் உழவு மெசின் ஓட்டினவர். வவுனியாவில் கம்பியூட்டர் படித்துவிட்டு, சங்கத்துக் கணக்குவழக்கையெல்லாம் கம்பியூட்டருக்குள் ஏற்றும் வேலைக்கு வந்திருந்தாள். முப்பது வயது தாண்டியிருக்கும். ஸ்கூட்டிச் சீற்றுக்குக் கீழே எப்போதும் ஒரு சோடிப் பழைய செருப்பு வைத்திருப்பாள், மாட்டுக் கொட்டிலுக்குள் இறங்குவதற்கு.

எங்கள் வீட்டுக்குக் கேட்டு எழுத வந்த அன்று, “ஏன் பிள்ளை இவ்வளவு கேள்வி?” என்று கேட்டேன்.

“இது ஒரு அலுமாரி செய்யிற மாதிரி மலரக்கா. என்னென்ன வைக்கப்போறம் எண்டு தெரியாமல் தட்டு அடிச்சால், பிறகு உடைக்கத்தான் வேணும்.”

அன்று என் மாடு சிவப்பி கன்று போட்டிருந்தது. ஈன்றதும் தடிப்பாய் வரும் கடும்புப் பாலைச் சீனி போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். விரலால் வழித்துத் தின்றுகொண்டே, காலையில் எத்தனை போத்தல், மாலையில் எத்தனை போத்தல் என்று கேட்டு எழுதினாள். பக்கத்து வளவுச் சின்னராசா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, மாட்டின்ர சாதகமும் வேணுமோ?”

“இருந்தால் தாங்கோ அண்ணை. செவ்வாய் தோசம் இருக்கோ எண்டு பாப்பம்.”

அப்படிச் சிரிக்கச் சிரிக்கக் கதைக்கிற பிள்ளை.

சங்கத்து மனேச்சர் நடராசாவுக்கு ஒரு குறை இருந்தது. பால் ஊற்றுவதை விட்டவர்களும் சங்கத்து மாட்டு டொக்டரைக் கூப்பிடுகிறார்கள் என்பார். ஒரு மாதம் பால் வராவிட்டால் ஆள் விட்டுவிட்டார் என்று எடுக்கலாம் என்றார். கௌசலாவும் அப்படியே செய்து கொடுத்தாள். ஒரு மாதம் பால் வராத ஆளின் பெயரைக் கம்பியூட்டர் தானாகவே எடுத்துவிடும்.

சிவப்பி மறுபடி சினைப்பட்டது. என்னிடம் இருந்த கறவை மாடு அது ஒன்றுதான். கன்று போட முன்னம் இரண்டு மாதம் பாலை வற்ற விடுவோம். கன்று போட்ட பிறகு கடும்பு அயலுக்கு. அது தெளிந்து வரும் முதற்பால் பிள்ளையாருக்கு. அதற்குப் பின்தான் சங்கத்துக்கு. எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும்.

கன்று போட்ட மறுநாட் காலை சிவப்பி படுத்துவிட்டது. காது குளிர்ந்து, கழுத்தை ஒரு பக்கம் மடக்கிக்கொண்டு கிடந்தது. சங்கத்துக்குப் போன் எடுத்தேன். அங்கு வேலை செய்யும் தர்சன் எடுத்தான்.

“மலரக்கா, உங்கட பேர் இதில இல்லையே. விட்டிட்டீங்கள் எண்டு காட்டுது. பேர் இல்லாட்டி டொக்டருக்குப் பதிய விடாது.”

“தம்பி, மாடு கன்று போட்டிருக்கு. நான் எதை ஊத்திறது?”

“எனக்கு விளங்குதக்கா. இதுக்கு விளங்காதே.”

மனேச்சரைத் தேடிப் பிடித்து, அவர் சொல்லி, டொக்டர் வந்து சேர மத்தியானம் திரும்பிவிட்டது. ஊசி போட்டார். பொழுது சாய முன்னம் சிவப்பி போய்விட்டது. காலையிலேயே ஊசி போட்டிருந்தால் எழும்பியிருக்கும் என்றார் டொக்டர். கன்றைச் சின்னராசாவின் மாட்டோடு ஊட்ட விட்டோம்.

கேள்விப்பட்டு அடுத்த நாள் கௌசலா வந்தாள். படலைக்கு வெளியே நின்றாள். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே கால் வைக்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் நடராசா, “இது கம்பியூட்டர் விட்ட பிழை. ஒருத்தரையும் குறை சொல்லேலாது” என்றார்.

கௌசலா எழும்பினாள்.

“கம்பியூட்டர் பிழை விடேல்லை ஐயா. நான் சொன்னதைத்தான் செய்தது. கொழும்பிலயிருந்து ஒராள் வந்திருந்தால், மாடு எப்ப பால் தராது எண்டு கேட்டிருப்பார். எங்கட வீட்டிலயும் மாடு நிண்டது. எனக்குத் தெரியும். தெரிஞ்சபடியால் கேக்கேல்லை, கேக்காதபடியால் எழுதேல்லை. மலரக்கா தந்த கடும்பைத் திண்டுகொண்டுதான் எத்தினை போத்தல் எண்டு கேட்டனான்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சால்வை நுனியைச் சுருட்டிச் சுருட்டி நின்றாள். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என்னால்தானே இந்தப் பிள்ளை சபையில் இப்படி நிற்கிறாள் என்று உடம்பு கூசியது.

அதன் பிறகு மறுபடியும் வீடு வீடாகப் போனாள். எப்போது பால் ஊற்ற மாட்டீர்கள் என்ற ஒரு கேள்விதான். சின்னராசா விடவில்லை.

“ஊத்திறதைக் கேட்டு முடிஞ்சுது. இப்ப ஊத்தாததைக் கேக்க வந்திருக்கிறியோ?”

“ஓம் அண்ணை. அதைத்தான் முதல் கேட்டிருக்க வேணும்” என்றாளாம், சிரிக்காமல்.

சினைக்காலம், கடும்பு, செத்தவீட்டுத் துடக்கு, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நேர்ந்த பால், வயல் விதைத்ததும் மாட்டைக் காட்டுப் பக்கம் சாய்க்கிற மாதங்கள் என்று எல்லாம் எழுதினாள். வீட்டுக்குப் போய்க் கேட்காமல் ஒருவருடைய பெயரும் இப்போது அழிபடாது.

என் வீட்டுக்கு மட்டும் தர்சனை அனுப்பினாள். மனம் நொந்துபோனேன். அந்தப் பிள்ளையின் பாரத்தை இறக்கி விடப்பா என்று ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையாரிடம் கேட்டேன்.

வவுனியாவில் வேறு வேலை கிடைத்துப் போகிறாள் என்று அறிந்து பரந்தன் பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தேன்.

“எனக்கு உன்னில கோபமில்லைப் பிள்ளை.”

“தெரியும் அக்கா. அதுதான் உங்கட முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு.”

பஸ் வந்தது. அவள் எழும்பும்போது, “ஒருக்கால் வீட்டை வந்து ஒரு வாய் தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போயிருக்கலாமே” என்றேன்.

பஸ் மிதியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

“உங்கட வீட்டில இப்ப கடையில வாங்கின பால்மாதான் கரைப்பீங்கள் அக்கா. அதை நான் என்னெண்டு குடிக்கிறது?”