கை வைக்காமல் பார்த்த ஆட்டம்

எழுபதுகளின் கடைசியில் என் தம்பி பிரான்சிலிருந்து லீவில் வந்தபோது ஒரு டி.வி. பெட்டி கொண்டுவந்தான். மெட்ராசிலிருந்து புதுச்சேரி வரை டாக்சியில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தானாம். மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு ஏரியல் கட்டினோம். தெருவே வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தது. பெட்டியைத் திருகினால் சாம்பல் நிறத்தில் எறும்புகள் ஓடின, அவ்வளவுதான். ரேடியோ கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினோம். பின்பக்கம் திறந்து பார்த்துவிட்டு, "இது அந்த ஊருப் பொட்டிங்க. மெட்ராசு அலைய இது வாங்காது. ஏரியல வானத்துக்கே கட்டுனாலும் வராது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

தம்பிக்கு முகம் தொங்கிப்போனது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்து, அங்கே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்து, எங்கள் ஊர்ப் பேச்சில் பெரிய சொல்தா ஆகி, கடைசியில் படம் வராத பெட்டியைச் சுமந்து வந்திருக்கிறான். ஆனால் அந்தத் தப்பை அவன் மட்டும் செய்யவில்லை. எங்கள் ஊரில் பிரான்சில் ஆள் உள்ள பல வீடுகளில் இப்படி ஒரு பெட்டி, மேலே பின்னல் துணி போர்த்தி, அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சாடியோடு உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படியே உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமைப் பாட்டுப் பார்க்க நாங்கள் எதிர்வீட்டுக்குத்தான் போனோம்.

அடுத்த லீவில் அவன் வேறொரு சாமானோடு வந்தான். வீடியோ கேம் என்றான். ஒரு கறுப்பு மெஷின், வயரோடு ஒரு குச்சி, அப்புறம் கையளவு கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்குள்ளும் ஒரு ஆட்டம். கட்டையை மெஷினில் செருகி மெஷினை டி.வி.யில் மாட்டினான். பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்தேன். படம் வந்தது! இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள், ஒன்றுக்கொன்று பேச்சுப் புரிந்துவிட்டது. அன்று முதல் எங்கள் பெட்டி ஆட்டம் மட்டும் காட்டும் பெட்டி ஆனது. செய்தி, பாட்டு, சினிமா எதுவும் கிடையாது.

என் வீட்டுக்காரர் மில்லில் துணி பார்க்கும் வேலை செய்தார். தறியிலிருந்து வரும் துணியைச் சாய்வு மேசையில் வெளிச்சத்துக்கு எதிரே ஓடவிட்டு, இழை அறுந்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, ஃபர்ஸ்ட், செகண்ட்ஸ் என்று பிரிக்கிற வேலை. அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கை வைக்காமல் பார்ப்பார். அப்புறம் விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். கடைசியில் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனாலும் இதே கூத்துதான். கடைக்காரர்கள் இவரைக் கண்டாலே எழுந்து உள்ளே போய்விடுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது எப்படிப் பார்த்தார் என்று கேட்டால், "மொதல் பார்வையோட நிறுத்திக்கிட்டேன்" என்பார்.

ஆட்டங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். கட்டையைச் செருகிவிட்டுக் குச்சியைத் தொடாமல் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஆடுவார். பிறகு வேண்டுமென்றே தப்பாக ஆடி ஆட்டம் எங்கே கிழிகிறது என்று பார்ப்பார். முடிந்ததும் டேப்ரெக்கார்டரை எடுத்து வைத்துக்கொண்டு தன் தீர்ப்பைப் பேசுவார். அந்தக் கேசட்டை பிரான்சுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். தம்பி அங்கே நம்மூர்ச் சொல்தாக்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அதைப் போட்டுக் கேட்பானாம். சிரித்து முடித்துவிட்டு அடுத்த கட்டையை வாங்கி அனுப்புவான்.

அந்தத் தீர்ப்புகளில் சில எனக்கு இன்னும் மனப்பாடம். இரண்டு கோடு, ஒரு பந்து, அங்கும் இங்கும் தட்டுகிற ஆட்டத்துக்கு, "நெசவு சுத்தம் மச்சான். டிசைன்தான் கெடையாது. வேட்டி மாதிரி. தெனம் கட்டலாம், சலிக்காது. ஃபர்ஸ்ட்" என்றார். கார் ஓட்டுகிற ஆட்டத்தை அவர் மதிக்கவே இல்லை. "ரோட்டோரம் அதே மரம் திரும்பத் திரும்ப வருது. ஒரே அச்சுல ஓட்டுன லுங்கி. நம்ம அரியாங்குப்பம் பாலத்துல போனா மாடு வருது, மாட்டுக்குப் பின்னால மாட்டுக்காரன் வரான். இதுல ஒண்ணும் குறுக்க வரல. செகண்ட்ஸ்." எனக்கு அந்தக் கார் ஆட்டம்தான் பிடிக்கும். ஒன்றும் குறுக்கே வராத ரோடு ஒன்று எனக்குக் கிடைத்தது அங்கே மட்டும்தான். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

சதுரங்கம் ஆடுகிற கட்டை ஒன்று வந்தது. மெஷின் ஒரு காயை நகர்த்த எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் சோறு வடித்துவிட்டு வந்தேன். "தாலுக்கா ஆபீசு மச்சான். ஆளு உள்ள இருக்காரு, ஆனா வர மாட்டேங்குறாரு" என்றார் கேசட்டில். வானத்திலிருந்து வரிசை வரிசையாகப் பூச்சிகள் இறங்குகிற, நாம் கீழேயிருந்து சுடுகிற ஆட்டத்துக்குத்தான் அவர் மிக நீளமாகப் பேசினார். "எவ்ளோ சுட்டாலும் முடியல. ஒரு வரிசைய ஜெயிச்சா அடுத்தது இன்னும் வேகமா எறங்குது. ஜெயிக்கிறவனுக்குத்தான் தண்டனை. நம்ம மில்லேதான் இது. ஒருநாள் கூடுதலா நெய்ஞ்சு குடுத்தா, அதான் நாளையிலேருந்து அளவுன்னுடுவான். உண்மையச் சொல்ற ஆட்டம். ஃபர்ஸ்டுலயே ஃபர்ஸ்ட்." அந்த ஆட்டத்தில் எங்கள் பக்கத்தில் அவரை அடிக்க ஆளில்லை. சங்கு ஊதி மில் விட்டதும் கூட வேலை செய்கிறவர்கள் சைக்கிளை எங்கள் வாசலில் சாத்திவிட்டு உள்ளே வருவார்கள். குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, விற்கிற நினைப்பே இல்லாமல் உட்கார்ந்துவிடுவாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வாயால் சொன்னதில்லை.

பிறகு குகைக்குள் விமானம் ஓட்டுகிற ஆட்டம் வந்தது. முதல் வளைவிலேயே விமானம் சுவரில் மோதியது. மறுபடியும் மோதியது. "குச்சி லூசு" என்றார். கேசட்டிலும் அதையே சொன்னார். தம்பி பதறிப்போய்ப் புதுக் குச்சி அனுப்பினான். "இதுவும் லூசுதான். அந்த ஊர்க்காரனுக்கு ஒழுங்கா ஒண்ணு செய்யத் தெரியல" என்றார். அதற்குப் பின் வந்த ஆட்டங்கள் எல்லாமே செகண்ட்ஸ் ஆயின. பேச்சில் இருந்த கிண்டல் போய்க் காரம் மட்டும் மிஞ்சியது. ஒருநாள் அந்தப் பழைய பூச்சி ஆட்டத்தைப் போட்டு ஆடிவிட்டு, "இதையா ஃபர்ஸ்ட்னு சொன்னேன்? இதுவும் செகண்ட்ஸ்தான்" என்று குச்சியைத் தரையில் வைத்தார்.

மறுநாள் மத்தியானம் அவர் மில்லுக்குப் போனபின் நான் அந்தக் குச்சியை எடுத்து ஆடிப் பார்த்தேன். நான் ஆட்டத்தில் சுமார்தான். ஆனாலும் இடது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போனது, வலது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போனது. குச்சி லூசு இல்லை. சோறு சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்கும்போது அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூல் திரிப்பதுபோல் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருப்பதை நான் பல மாதமாகப் பார்த்து வந்தேன். மில் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். நரம்பு வியாதி என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "இது வேகமா போவாம பாத்துக்கலாம்மா. இல்லாம பண்ண முடியாது" என்றார். நான் விட்டேனா? பிள்ளைச்சாவடியில் ஒருவர் எண்ணெய் காய்ச்சுகிறார் என்றார்கள், அங்கே போனேன். கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். மாதா கோயிலிலும் மெழுகுவத்தி ஏற்றினேன். ராத்திரி சாப்பாடானதும் அந்தக் கையை என் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வேன். பிடித்திருக்கும்வரை அடங்கியிருக்கும், விட்டால் ஆடும். எத்தனை நேரம் பிடித்துக்கொண்டே இருப்பது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் பாத்திரங்கள்மேல் காட்டினேன்.

மில்லில் அவரைத் துணி மேசையிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். வந்து சொன்னபோது, "கேட்டுல நல்ல காத்து" என்றார்.

தம்பிக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவன் பாவம், அவ்ளோ தூரத்துல கெடந்து அல்லாடுவான். கட்டை அனுப்புறதையும் நிறுத்திடுவான்" என்றார். ஆக, கட்டைகள் வந்துகொண்டே இருந்தன. தம்பி கூடவே கேசட்டில் பேசி அனுப்புவான்: "மாமா, இது இருக்கறதுலயே வேகமாம். கடைக்காரன் ஆடிக்காட்டுனான். ஒங்களுக்குன்னே வாங்குனேன்." அவன் ஆசை ஆசையாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அவர் மாத்திரையை விழுங்குவார். நிறுத்துடா என்று கத்த வேண்டும்போல் இருக்கும் எனக்கு. கட்டை வந்த அன்று அவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்தால் அதுவும் முடியாது.

கடைசியாக வந்தது பொம்மை மனிதன் ஏணி ஏறிப் பழம் பறிக்கிற ஆட்டம். கட்டையை நான்தான் செருகினேன். வழக்கம்போல் குச்சியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம் இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் பொம்மை தானாகவே ஆட ஆரம்பித்துவிடும், கடையில் வாங்க வருபவர்களுக்குக் காட்டுவதற்கு. பொம்மை சரசரவென்று ஏறியது, உருண்டு வந்த பீப்பாயைத் தாண்டியது, பழத்தைப் பறித்தது. அந்த நேரம் பார்த்து மீன்கார அம்மா உள்ளே வந்தாள். குச்சி அவர் மடியில் கிடந்தது.

"அடேங்கப்பா! கை சரியாப் போச்சா அண்ணே? என்னமா ஆடுறீங்க!" என்றாள்.

அவர் லேசாகச் சிரித்தார். குச்சியின் வயர் மெஷினில் மாட்டாமல் தரையில் கிடந்தது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியாமல் இருக்குமா? நான் முந்தானையைச் சரிசெய்வதுபோல் நகர்ந்து வயரை மறைத்து உட்கார்ந்தேன்.

அந்த வாரம் முழுவதும் இது நடந்தது. சாயங்காலம் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். பொம்மை ஏறும், ஜனம் வாயைப் பிளந்து பார்க்கும், மில் நண்பர்கள் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். அவர் தன்னை ஏமாற்றிக்கொள்கிறாரா, எங்களை ஏமாற்றுகிறாரா, எனக்குப் புரியவில்லை. யாராவது குனிந்து வயரைப் பார்த்துவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று ஒவ்வொரு சாயங்காலமும் என் உயிர் என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்ரெக்கார்டரை எடுக்கச் சொன்னார். பதிவு செய்ய இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்க வேண்டும், அது அவரால் முடியவில்லை. நான் அமுக்கினேன். குரலும் இறங்கிப்போயிருந்தது, மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், இந்த ஏணி ஆட்டம் ஃபர்ஸ்ட். ஆனா நான் ஆடல. கை வைக்காம பாத்ததோட சரி. வைக்க முடியல. ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு ஒங்க அக்காகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன், அவளத் திட்டாத. கைக்கு வியாதி வந்துடுச்சு."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"தெருவுல எல்லாம் நான் ஆடுறதா நெனைக்கிறாங்க. ஒரு வாரம் அது நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஒண்ணு சொல்லணும். நல்ல துணிய செகண்ட்ஸ்னு தள்ளுனா அத நெய்ஞ்சவன் கூலியப் புடிச்சுடுவாங்க. மில்லுல அந்தப் பாவத்த நான் பண்ணதே இல்ல. இங்க பண்ணிட்டேன். அந்தப் பூச்சி ஆட்டம் ஃபர்ஸ்டுதான். குகையில பிளேன் ஓட்டுறது ஃபர்ஸ்ட். குச்சி லூசு இல்ல, ரெண்டு குச்சியுமே நல்ல குச்சி. அதுக்கப்புறம் வந்ததையெல்லாம் நீ அங்க யாருகிட்டயாவது குடுத்துப் பாக்கச் சொல்லு, என் தீர்ப்ப எடுத்துக்காத. துணி மேல தப்பில்ல மச்சான். பாக்குற கைதான் செகண்ட்ஸ்."

நான் வாய்விட்டு அழுதேன், அதுவும் பதிவாயிற்று. என்னென்னவோ சொல்ல நினைத்தேன். கார் ஆட்டத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டார் என்றுகூடக் கேட்க நினைத்தேன்.

"இனிமே கட்டை அனுப்பாத. வரும்போது நீ வா, போதும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவ்ளோதான். அமுக்கு" என்றார்.

அமுக்கினேன். அந்த வியாதிக்கு எதிராக என்னால் செய்ய முடிந்த ஒரே வேலை அதுதான், அவர் சொல்லும்போது பட்டனை அமுக்குவது.